தட்டின் மேல் ஒரு கட்டைவிரல்

ஜன்னல் வெயில் கம்பிக் கோடுகளாக வகுப்பின் தரையில் கிடக்கிறது. எகிப்தியக் கடவுள்களின் அட்டை முகமூடிகளுக்குள் பிள்ளைகளுக்கு வியர்க்கிறது. செத்தவரின் இதயத்தை இறகுக்கு எதிரே வைத்து நிறுக்கும் சபை இது. கனத்த இதயத்தைத் தின்ன, தராசடியில் முதலைத்தலைப் பூதம். பூதம் யார் என்று டீச்சர் கேட்டதும் எல்லா விரல்களும், குண்டாக இருப்பதால் வகுப்பே ‘பூசணி’ என்று கூப்பிடும் பெண்ணைத்தான் காட்டின. பிள்ளைகள் செய்து இதுவரை தட்டுக்கு வந்த மாவு இதயங்களெல்லாம் கனத்துத் தோற்றன. தின்பதுபோல் நடித்து, அவற்றைக் கூடையில் போட்டாள். கடைசி இதயம் அவளுடையது. நேற்று முழுக்க ஸ்பூனால் உள்ளே சுரண்டி, முட்டையோடுபோல் ஆக்கி வைத்திருக்கிறாள். ஸ்பூன் கொடுத்தவள் பக்கத்து இருக்கைத் தோழி. இன்று நரித்தலைக் கடவுளாகத் தராசைப் பிடித்திருப்பவளும் அவளே. பூசணியின் தட்டு மேலே எழுகிறது. முகமூடிக்குள் அவள் சிரிக்கத் தொடங்குகிறாள். அப்போது நரித்தலையின் கட்டைவிரல் தட்டின்மேல் மெதுவாக அமர்கிறது. தட்டு இறங்குகிறது.

"டீச்சர், இவ இதயத்த யாரு திங்கிறது?" ஒரு முகமூடிக்குள்ளிருந்து கேள்வி.

"அவளேதான்! வேற யாருக்கு அவ்வளவு பசி?" இன்னொரு முகமூடியிலிருந்து பதில்.

வகுப்பு வெடித்துச் சிரிக்கிறது. விரலைப் பார்த்துவிட்ட டீச்சரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார். "சரி சரி, சீக்கிரம். பெல் அடிச்சிரும்."

பூசணி முகமூடியைத் தூக்கி, இதயத்தை நிஜமாகவே கடிக்கிறாள். காய்ந்த உப்பு மாவு பல்லில் நறநறக்கிறது.

"முழுசாத் தின்னுடி," என்கிறது நரித்தலை. காலித் தட்டிலிருந்து அது இன்னும் விரலை எடுக்கவில்லை.