வெள்ளோட்டம்

கேலரியின் மூன்றாவது வரிசையில் கோமு உட்கார்ந்ததும் பலகை லேசாக முனகியது.

பரவாயில்லை. புதுச் செருப்புகூட முதல் நாள் கத்தத்தான் செய்கிறது.

அவள் பேரூராட்சித் தூய்மைப் பணியாளர். அந்த ஆற்றங்கரை மைதானத்தைப் பல வருடங்களாகப் பெருக்குகிறாள். அங்கே உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை.

சாயங்காலம் பெண்கள் கபடி இறுதி ஆட்டம். புன்னக்காயல் அணியை எதிர்த்து ஆடப்போகிற உள்ளூர் அணியில் கோமுவின் மகள் அனுராதாவும் உண்டு. ஒரு வாரமாக வீட்டில் இதே பேச்சுதான்.

“நான் ஆளைத் தொட்டுட்டுத் திரும்பி வந்தா, நீ கேலரியில நின்னு குதிக்கணும்மா. எனக்குத் தெரியணும்.”

குதிக்கக் கோமு தயார். இடம்தான் இல்லை. தலைவர் வீட்டார், கவுன்சிலர்கள் வீட்டார், அவர்கள் வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளிகள் வீட்டார் என்று கேலரி போன மாதமே, கட்டும் முன்பே, நிறைந்துவிட்டது. மற்றவர்கள் கயிற்றுக்கு வெளியே நிற்கலாம். கோமுவின் உயரத்துக்கு அங்கேயிருந்து, முன்னால் நிற்பவர்களின் முதுகு மிக நன்றாகத் தெரியும்.

செயல் அலுவலர் குமரகுருபரனிடம் ஓர் இடம் கேட்டுப் பார்த்தாள். “பாப்போம்” என்றார். அவர் அப்படிச் சொல்லி எதையும் பார்த்ததாக ஊரில் யாருக்கும் நினைவில்லை.

அதே மனிதர்தான் இன்று காலையில் குப்பை வண்டிகளை ஓரங்கட்டச் சொல்லி, பணியாளர்கள் எல்லோரையும் மைதானத்துக்குக் கூப்பிட்டுவிட்டார். கேலரிக்கு வெள்ளோட்டமாம். எல்லோரும் ஏறி உட்கார வேண்டுமாம். ஆளுக்கு ஒரு டீ, ஒரு வடை உண்டாம்.

வெள்ளோட்டம் என்றதும் கோமுவுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. சின்ன வயதில், பக்கத்து ஊர்க் கோயிலுக்குப் புதுத் தேர் செய்து, திருவிழாவுக்கு முன்னால் வெள்ளோட்டம் விட்டபோது அவளும் வடம் பிடித்திருக்கிறாள். திருவிழாவன்று பெரிய மனிதர்கள் பிடிக்கிற வடம் அது. அன்றைக்கு மட்டும் அவளை யாரும் தள்ளிப் போகச் சொல்லவில்லை.

எங்கே நாற்காலி கண்டாலும் முதல் ஆளாக உட்காருகிற குமரகுருபரன், இன்று மைதானத்தின் மறுகோடியில், வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே இருந்தார். பணியாளர்களை உட்காரவைத்துவிட்டுத் தான் நிற்பதற்கு ஒரு மனசு வேண்டும்.

கேலரி கட்டிய பந்தல்காரர் கனி அண்ணாச்சி மட்டும் அதன் அடியில் குனிந்து, வள்ளியூரிலிருந்து வந்த சவுக்குக் கம்புகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அலுவலர் மைக்கில் பேசினார். “எல்லாரும் எந்திங்க! நம்ம பிள்ளைக ஜெயிச்சா எப்படிக் குதிப்பிய, அப்படிக் குதிங்க!”

கோமு குதித்தாள். சத்தியமாக மகளுக்காகவே குதித்தாள். வெறும் மைதானத்தில், அனுராதா ஆளைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டை நோக்கிப் பாய்வது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்தில் குப்பை வண்டி ஓட்டுநர் வடையைக் கீழே விடாமல் குதித்தார்.

காலுக்கு அடியில் சடக்கென்று ஒரு சத்தம்.

குதிப்பது நின்றது. கனி அண்ணாச்சி வெளியே வந்து, கொஞ்சம் வேகமாகவே, வேப்பமரத்தை நோக்கி நடந்தார்.

குமரகுருபரன் மைக்கை வாயிலிருந்து எடுத்தாரே தவிர அணைக்கவில்லை. அவருடைய அலுவலகத்தில் மின்விசிறியையே யாரும் அணைப்பதில்லை.

“மணல் மூட்டை அடுக்கிப் பாக்கணும்னுல்லா சார் உத்தரவு?” என்று கனி அண்ணாச்சி கேட்டது மைதானம் முழுக்க ஒலித்தது.

“ஆத்துல மணல் அள்ளத் தடை இருக்குல்லா, அண்ணாச்சி. சட்டம்னு ஒண்ணு இருக்கு.”

தாமிரபரணி மணல் லாரி லாரியாகப் போனபோதெல்லாம் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, நாலு மூட்டை மணல் என்றதும் சட்டம் நினைவுக்கு வந்துவிட்டது.

கோமுவுக்கும் ஒன்று நினைவுக்கு வந்தது. வெள்ளோட்டத்தன்று தேரில் சாமி கிடையாது. சாமி கோயிலுக்குள் பத்திரமாக இருக்கும். சாமி இருக்க வேண்டிய இடத்தில் மணல் மூட்டைகளை வைத்துத்தான் அன்றைக்கு இழுத்தார்கள்.

தின்ற வடை அவளுக்குக் கசந்தது.

“மூணாம் வரிசைக் கம்பு சரியில்ல சார். மாத்தவும் நேரமில்ல.”

“அப்பம் தலைவர் வீட்டாள்களை அங்கன இருத்த வேண்டாம்.” கொஞ்சம் யோசித்தார். “ஆடுத பிள்ளைகளோட வீட்டாள்களுக்குக் குடுத்துருவோம். அந்தக் கோமுவும் கேட்டுக்கிட்டேதான் கெடக்கா.”

பிறகு மைக்கை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார்.

“கோமு, உனக்கு இடம் போட்டாச்சு! சந்தோசம்தானே?”

யாரும் கைதட்டவில்லை. எல்லோரும் பைய இறங்கினார்கள். கோமு கடைசியாக இறங்கினாள். இறங்குவதற்கு முன் தன் இடத்தில் நின்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். ஆடுகளம் நேர் எதிரே இருந்தது. நடுக்கோடு தெளிவாகத் தெரிந்தது. அங்கேயிருந்து பார்த்தால் அனுராதாவின் முகமே தெரியும்.

சாயங்காலம் வருவாள். மகள் கண்ணில் படும்படி கைதட்டுவாள்.

குதிக்க மட்டும் மாட்டாள்.