நீலச் சீலையும் மூன்றாவது ராசாவும்

ஒரு ஊரிலே மூன்று ராசாக்கள் இருந்தார்களாம். அதில் இரண்டு பேர் குருநகருக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். மூன்றாவது ராசா மட்டும் யாழ்ப்பாணப் பெரியகடைத் தெருவில், ஏரம்பு முதலாளியின் புடவைக்கடைத் தட்டில், மேலெல்லாம் நீலச் சீலை சுற்றிக்கொண்டு படுத்திருந்தார்.

குழந்தை யேசுவைக் கும்பிட வந்த அந்த மூன்று ராசாக்களின் திருநாளுக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது.

"முடிஞ்சுதோ தம்பி?" மீன்கடகத்தை வாசலில் வைத்துவிட்டு, குருநகர் மீன்காரி சிசிலியா கேட்டாள். ஐந்து நாளாக இதே கேள்வி.

"எங்கை அக்கா! இன்னும் இருபத்தஞ்சு முழம் கிடக்கு" என்றான், சீலை வெட்டிக் கொடுக்கிற தியாகராசா.

விசயம் இதுதான். குருநகர்க் கோயிலில் யேசு பிறந்த குடிலில் வைக்கிற பழைய மரச் சுரூபங்களைக் கறையான் தின்றுவிட்டது. "மட்டைக்குழாயிலை நான் செய்து தாறன் சுவாமி" என்று கோயில் சுவாமியாரிடம் சிசிலியா வாயை விட்டுவிட்டாள். கடையில் சீலை சுற்றி வருகிற மட்டைக்குழாயை வாங்கிப் போய், துண்டு துண்டாக அரிந்து, பஞ்சு ஒட்டி ஆடு செய்தாள். நாலு கால் குத்தி மாடு செய்தாள். மிஞ்சின துண்டுகளில் மஞ்சாடிக்கொட்டை போட்டு, அக்கம்பக்கத்து ஒழுங்கைப் பிள்ளைகளுக்கெல்லாம் கிலுகிலுப்பையும் செய்து கொடுத்தாள்.

ராசாக்களுக்கு மட்டும் முழுக் குழாய் வேண்டும். சிவப்புச் சீலை முடிந்தபோது ஒரு ராசா. மஞ்சள் முடிந்தபோது இன்னொரு ராசா. நீலம்தான் முடியவே மாட்டேன் என்றது.

"முதலாளி, எங்கடை லூர்த்தம்மா ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கிறாள். 'மற்ற ராசா வாற வழியிலை தோணி கவிண்டு போச்சோ' எண்டு கேக்கிறாள். பிள்ளையள் விடிஞ்சால் வந்து வாசல்லை நிக்குதுகள். உந்தச் சீலையைக் கழட்டி மடிச்சு வைச்சிட்டுக் குழாயைத் தரக்கூடாதோ?"

ஏரம்பு விபூதி நெற்றியைச் சுருக்கினார்.

"சீலை முடிஞ்சால்தான் குழாய். மடிச்சால் கசங்கும். கசங்கின சீலையை ஆர் வாங்குவினம், உன்ரை ராசாவோ?"

அந்த நேரம் நல்லம்மா கடைக்குள் வந்தாள்.

"வாங்கோ மாமி! இந்த நீலத்தைப் பாருங்கோ. உங்களுக்கெண்டே வந்தது" என்றான் தியாகராசா.

"சும்மா இரடா. மைக்கூட்டுக்கை விழுந்து எழும்பினது போலை கிடக்கு. சரி, தலையணை உறைக்கு ரெண்டு முழம் வெட்டு."

தியாகராசா அளந்து வெட்டினான். ஏரம்பு எழும்பி வந்து துண்டைப் பறித்துத் தானே அளந்து பார்த்தார்.

"ரெண்டு முழமும் ஒரு சாணும்!"

"கை தவறிப்போச்சு முதலாளி."

"காலமை வந்த ஆறு பேருக்கும் அதே ஒரு சாண்தான் தவறினதோ? வேதக்காரரின்ரை ராசாவுக்காக என்ரை சீலையைக் கிள்ளிக் கிள்ளிக் குடுக்கிறியோ? கத்தரிக்கோலை வை. வீட்டை போ!"

"தவறினது தவறினதுதான்" என்று சொல்லிக்கொண்டு, நல்லம்மா துண்டை இடுப்பில் செருகிக்கொண்டு நழுவிவிட்டாள்.

சிசிலியாவின் கண் கலங்கிவிட்டது. "தம்பியைப் பேசாதேங்கோ முதலாளி. எல்லாம் என்னாலைதான். நான் ரெண்டு ராசாவோடை சமாளிக்கிறன்."

"உங்கடை கதையிலை ராசாக்கள் எத்தினை பேர்?"

"மூண்டு பேர்."

"பிறகென்ன ரெண்டு? போ, போய் மீனை வில்!"

அவள் கடகத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். என்ன மனிசனப்பா என்று பக்கத்துக் கடைக்காரர்கூட முணுமுணுத்தார்.

அடுத்த நாள் காலை தியாகராசா மன்னிப்புக் கேட்கத் தயங்கித் தயங்கி வந்தான். தட்டில் நீலத்தைக் காணவில்லை. வெறும் குழாய் கதவோடு சாய்ந்து நின்றது.

"சீலை எங்கை முதலாளி?"

"முடிஞ்சுது. நேற்றுப் பின்னேரம் ஆரோ ஒரு விசரன் மிச்சம் முழுக்க வாங்கிப்போட்டான்."

"முழுக்கவோ! ஆர் முதலாளி?"

"ஆராயிருந்தால் உனக்கென்ன? சீலை முடிஞ்சால் குழாய் ஆருக்கெண்டு சொன்னனான்? என்ரை சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடு. போனோடனை திரும்பி வா, கடையிலை வேலை கிடக்கு!"

அன்று குருநகரில் ஒரே கொண்டாட்டம். தேயிலைப் பெட்டி ஈயத்தாளில் முடி சூடிக்கொண்டு, பனைநார்த் தாடியோடு மூன்றாவது ராசா வந்துவிட்டார். பிள்ளைகள் கிலுகிலுப்பையை ஆட்டி ஆட்டி அவரைக் கோயிலுக்குத் தூக்கிப் போனார்கள். லூர்த்தம்மா கிட்ட வந்து முடியைத் தொட்டுப் பார்த்தாள். "அடியே, என்ரை பேரனுக்கும் உப்பிடி ஒண்டு செய்து தாவன்" என்றாள்.

எட்டாம் நாள் தைப்பொங்கல். கொக்குவிலில் முதலாளி வீட்டுப் படலையைத் திறந்த தியாகராசா அப்படியே நின்றுவிட்டான்.

முற்றத்தில் பானை பொங்கி வழிந்தது. சுற்றி நின்று கைதட்டிய மூன்று பெண்பிள்ளைகளுக்கும் நீலப் பாவாடை. கடைக்குட்டிக்கு நீலக் காற்சட்டை. யன்னல் சீலையும் நீலம். முதலாளியின் மனைவி குணலட்சுமிக்கு நீல இரவிக்கை.

"சிரியாதை தம்பி" என்றாள் குணலட்சுமி, தானே சிரித்துக்கொண்டு. "பொங்கலுக்குப் பட்டுக் கொண்டு வாறன் எண்ட மனிசன் கொண்டு வந்ததைப் பார். ஏனெண்டு கேட்டால் வாயைத் திறக்கிறாரில்லை. நீயும் கடையிலைதானே நிக்கிறாய், என்ன நடந்தது?"

தியாகராசா ஏரம்புவைப் பார்த்தான். அவர் கிட்ட வந்து அவன் காதைப் பிடித்து இழுத்தார்.

"விசரா! நீ சாண் சாணாய்க் கிள்ளிக் குடுத்தால் அந்த ராசா எந்த வருசமடா வந்து சேருறது?"

சொல்லிவிட்டு, நீலச் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பிள்ளையார் கோயிலுக்கு நடந்தார்.