அம்மாவுக்கு ஓர் அமாவுத்தி

மாவு மூட்டை மறுபடியும் நழுவித் தரையில் விழுந்தது.

தாய் மகளின் தோளிலிருந்து மேலங்கியைக் கழற்றினாள். போட்ட தையலைப் பிரிக்க உட்கார்ந்தாள்.

அமாவுத்தி. பனிநாட்டு இனுயிட் தாய்மார் போடுகிற கம்பளி மேலங்கி. பெரிய முக்காட்டுக்குக் கீழே, முதுகில் ஒரு பை. பிள்ளை அதற்குள் தாயின் சூட்டில் ஒண்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சிறுமிகளுக்கும் குட்டியாக ஒன்று தைத்துக் கொடுப்பார்கள், பொம்மை சுமக்க. மாவு மூட்டை, பை தாங்குமா என்று பார்க்கத்தான்.

அண்டை வீட்டு ஊலிபீகா தேநீர்க் கோப்பையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா இருக்க அவளுக்கு வராது.

"பொம்மைக்குத்தானே? பை கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்ன குடி முழுகிப் போகுது?"

அவள் தையலைப் பிரித்துக்கொண்டே இருந்தாள். பை என்றால் ஓர் உயிரைத் தாங்க வேண்டும். தாங்காததைத் தைப்பதற்கு அவள் இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

அவளை யாரும் அப்படிச் சுமந்ததில்லை. கைக்குழந்தையாக இருந்தபோதே, காசநோய் என்று அம்மாவைக் கப்பலேற்றித் தெற்கே கொண்டுபோனார்கள். அடுத்த கோடையில் கப்பல் வந்தது. அம்மா வரவில்லை.

அந்த ஏக்கம் அவளுக்கு இன்னும் தீரவில்லை.

மகள் பிறந்ததும் அம்மாவின் பெயரையே வைத்தாள். பெயரோடு உறவும் கூடவே வந்துவிடும். அங்கே அதுதான் வழக்கம். அதனால் மகளை அவள் 'அம்மா' என்றுதான் கூப்பிடுவாள். நம் வீடுகளில் கொஞ்சுகிறோமே, அப்படி அல்ல. முறை வைத்து. மகளும் அவளை 'மகளே' என்பாள், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

பையின் அடியை அகலப்படுத்தினாள். பை நழுவாமல் இழுத்துக் கட்டும் இடுப்புக் கயிற்றை இன்னும் இறக்கித் தைத்தாள். ஊசி விரலில் ஏறியது. விரலைச் சப்பிவிட்டு மேற்கொண்டு தைத்தாள். முணுமுணுத்தபடியே ஊலிபீகா அடுத்த நூலைக் கோத்துக் கொடுத்தாள்.

"நில்லும்மா."

சிறுமி மேலங்கியை மாட்டிக்கொண்டு நின்றாள். மூட்டை முதுகில் போய் உட்கார்ந்தது.

குதித்தாள்.

அறையைச் சுற்றி ஓடினாள்.

மூட்டை இருந்த இடத்தில் இருந்தது.

சிறுமி அதை எடுத்துவிடச் சொன்னாள். பிறகு திரும்பி நின்று, முழங்காலை மடக்கி, முதுகைக் காட்டிக் குனிந்தாள்.

"ஏறிக்கோ, மகளே."

ஊலிபீகா சிரிக்கப் போனாள். தைத்தவளின் முகத்தைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

அவளோ தன் சட்டையின் முன்பக்கம் குத்தி வைத்திருந்த ஊசியைத் தேடி எடுத்தாள். டப்பாவில் போட்டு மூடினாள்.

அம்மாவின் முதுகில் குத்திவிடக் கூடாது.