நாலு பேருக்குச் சாம்பார்

வெள்ள நிவாரண முகாம்களில் தொண்டராக இருந்து கற்ற சமையலுக்குச் சான்றிதழ் வாங்கிவிடலாம் என்று செய்முறைத் தேர்வுக்கு வந்திருந்தாள் ஜெனிட்டா.

"நாலு பேருக்குச் சாம்பார் வைம்மா" என்றார் தேர்வாளர்.

பருப்பு கொதித்ததும், அண்டாக்களுக்கே பழகிய அவள் கை தன்பாட்டுக்கு இரண்டு பிடி உப்பை அள்ளிச் சட்டியில் போட்டுவிட்டது.

"போச்சு! கொட்டிட்டுக் கிளம்பு."

"சாப்பாட்டக் கொட்டிப் பழக்கமில்ல சார்."

மூலையில் கிடந்த அண்டாவை உருட்டி வந்து அடுப்பில் ஏற்றி, சட்டியை அதில் கவிழ்த்தாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். அங்கிருந்த பருப்பு, காய், புளி அத்தனையும் உள்ளே போயிற்று. தேர்வாளர் மதிப்பெண் போட மறந்து நின்றார். எல்லாம் வெந்ததும் உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்த்தாள்.

"உப்பு சரியா இருக்கு சார். வெளிய தேர்வுக்குக் காத்து நிக்கிற எல்லாரையும் பந்திக்கு வரச் சொல்லுங்க."