ஜெபக் குறிப்பு

பாங்காக் ஆபீஸ் மீட்டிங் என்று சொல்லிவிட்டுப் போன புருஷன், பாங்காக்கில் இல்லை.

கிருபாராணி போனில் மேப்பை இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்கினாள். பால்துரையின் நீலப் புள்ளி தாய்லாந்தின் ஓரத்தில், ஓர் ஆற்றங்கரையில் நின்றது. நேற்றும் அங்கேதான் நின்றது.

"ஆன்லின், இங்க வா. அப்பா எங்க இருக்காங்கன்னு பாரு."

மகள் எட்டிப் பார்த்தாள். "இட்ஸ் எ கெஸ்ட் ஹவுஸ், மாம்."

"கெஸ்ட் ஹவுஸா? ஆபீஸ்ல எப்பவும் ஸ்டார் ஹோட்டல்லதான போடுவாங்க?"

அங்கே தங்கிப் போனவர்கள் எழுதியதை ஆன்லின் தட்டி எடுத்து வாசித்தாள். பார்டர் ஊர். ரொம்ப அமைதி. பார்டர் கேட்டை மூடினதும் தெருவே காலி. சாயங்காலம் பொழுதுபோக இந்த இடத்தை விட்டால் வேறு கிடையாது. மாடியில் ரூம், கீழே மைக் பிடித்துப் பாடுகிற கேரியோகி. ஓனர் அம்மா ரொம்ப அன்பானவர்.

"எவ்ளோ அன்பாம்?"

"மாம்! ஃபைவ் ஸ்டார்ஸ்."

அமெரிக்காவில், இவர்கள் இருக்கிற பிளானோவில் அப்போது காலை. அங்கே ராத்திரி. பொழுதுபோக்கு ஆரம்பிக்கிற நேரம்.

போன் போட்டாள். நாலாவது தடவைதான் எடுத்தான். பின்னால் எவனோ மைக்கில் கத்திக்கொண்டிருந்தான். ஒரு பொம்பளை சிரித்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"பாங்காக்லதான் கிருபா. டீம் டின்னர்."

"சிரிக்கிறது யாரு?"

"அது... இங்க சர்வ் பண்றவங்க. அப்புறம் பேசறேன்."

கட் பண்ணிவிட்டான்.

அதே நேரம் காலிங் பெல் அடித்தது. சனிக்கிழமை உபவாச ஜெபம், இந்த மாதம் இவள் வீட்டில். ஜெயசீலி சிஸ்டரும் மற்றவர்களும் பைபிளோடு நுழைந்தார்கள். உபவாசம் முடிந்ததும் சாப்பிட பிரியாணி தம்மில் இருந்தது.

"அண்ணன் இன்னும் வரலியா சிஸ்டர்?"

"மீட்டிங் இழுத்துக்கிட்டே போகுது."

"தாய்லாந்துல்ல?" ஜெயசீலி சிஸ்டர் லேசாக இருமினார். "தனியா அனுப்புற இடமா அது? கர்த்தர்தான் காக்கணும்."

பாட்டு ஆரம்பித்தது. கிருபாராணி வாயை மட்டும் அசைத்தாள். புருஷனைப் பற்றிய பயம் பாதி என்றால், இந்த ஹாலைப் பற்றிய பயம் மீதி.

ஏனென்றால் இந்தக் கூட்டத்தில் யாரும் புறணி பேசமாட்டார்கள். ஜெபக் குறிப்பு கொடுப்பார்கள். புறணிக்கும் அதற்கும் ஒரே வித்தியாசம், இதற்குக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.

போன மாதம் செல்வமலரின் மகன் ஜெர்ரியைக் குறிப்பாகக் கொடுத்தது கிருபாராணியேதான். 'உங்ககிட்ட மட்டும் சொல்றேங்க்கா' என்று செல்வமலர் அழுதுகொண்டே சொன்னதில், அழுகையை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொன்னாள். "ஜெர்ரி ஆன்லைன்ல ஊரை ஏமாத்துற கும்பல்ல சேர்ந்துட்டானாம். அவன் மனம் திரும்ப ஜெபிப்போம்."

எல்லோரும் "ஆமென்" சொல்லிக் கண்ணைத் திறந்தபோது, வடை ட்ரேயோடு வாசலில் செல்வமலர் நின்றிருந்தாள். ட்ரேயை ஷூ ராக்கின் மேல் வைத்துவிட்டுப் போனவள்தான். சர்ச்சுக்கும் வருவதில்லை.

அடுத்த குறிப்பு இவள் வீடுதானா? 'பால்துரை அண்ணனோட பாதைகளுக்காக ஜெபிப்போம்' என்று ஜெயசீலி சிஸ்டர் குரலைத் தாழ்த்துவது இப்போதே காதில் கேட்டது.

பாட்டு முடிந்தது.

"சிஸ்டர், உங்க வீட்ல ஏதும் ஜெபக் குறிப்பு இருக்கா?"

எல்லோர் கண்ணும் இவள் மேல். கையில் போன் அதிர்ந்தது. வீடியோ கால். அவன்தான்.

"பிரியாணி அடி பிடிக்குது" என்று சொல்லிவிட்டு லாண்டரி ரூமுக்குள் ஓடிக் கதவைச் சாத்தினாள்.

"பொய் சொல்லாதீங்க! நீங்க எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். கேரியோகி! ரூம்! கூட யாரு?"

பால்துரை போனைத் திருப்பினான்.

கலர் விளக்குக்குக் கீழே, சுவரை ஒட்டி ஒரு பையன் குறுகி உட்கார்ந்திருந்தான். கன்னம் ஒட்டிப் போயிருந்தது. வயதான ஓர் அம்மா அவன் கையில் கஞ்சிக் கிண்ணத்தைக் கொடுத்து, சிரித்துச் சிரித்து ஏதோ சொல்லிச் சாப்பிட வைத்துக்கொண்டிருந்தார்.

அது யார் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ஜெர்ரியா?"

"அவன் எந்தக் கும்பல்லயும் சேரல கிருபா. வேலைன்னு கூட்டிட்டுப் போய், பார்டருக்கு அந்தப் பக்கம் அடைச்சு வச்சு, ஏமாத்துற வேலையைச் செய்ய வச்சிருக்காங்க. ஆத்தை நீந்தித் தப்பிச்சிட்டான். பாஸ்போர்ட் இல்ல. எம்பசி பேப்பர் வர்ற வரைக்கும் நான் கூட இருக்கேன். ரூம்ல சத்தமில்லன்னா நடுங்குறான். அதான் தினமும் பாட்டு நடக்கிற இடத்துல கொண்டுவந்து உட்கார வைக்கிறேன்."

கிருபாராணி வாஷிங் மெஷினைப் பிடித்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. கூடவே ரோஷமும் வந்தது.

"இதை என்கிட்ட சொன்னா என்ன? யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு மலர் சத்தியம் வாங்கினாளா?"

பால்துரை போனைத் தன் பக்கம் திருப்பினான்.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அவ சொல்லல கிருபா. உன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னுதான் கையெடுத்துக் கும்பிட்டா."