இரண்டாவது சாட்சி

"முதலாளி உயில்ல கையெழுத்து போடறத ரெண்டு சாட்சி பாக்கணும்பா. ஒண்ணு நானு. இன்னொண்ணு யாரு?" என்றார் பக்கத்து வீட்டு சிங்காரம்.

படுக்கையில் கிடந்த சவரிமுத்துவின் கையில் பேனா தயாராக இருந்தது. உப்பு வியாபாரத்தில் சேர்த்த வீடும் ரோட்டோர மனையும் மகன் மரியதாசுக்கு. வேறு சாதியில் கட்டிக்கொண்டு போன மகள் ஜெசிந்தாவுக்கு ஒன்றும் கிடையாது.

தெருவில் ஓர் ஆள் இல்லை. மேகம் கறுத்ததும் எல்லோரும் உப்பளத்துக்கு ஓடிவிட்டார்கள். குவித்து வைத்த உப்பை மழைக்கு முன்னால் ஓலை போட்டு மூடியாக வேண்டும்.

"நாளைக்கு வச்சுக்கலாமே," என்றார் சிங்காரம்.

"நாளைக்கு அப்பா இருக்கணுமே," என்று மரியதாஸ் படுத்திருந்தவர் காதுபடவே சொன்னான்.

"நான் போடறேன்."

சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள் அவன் மனைவி லூர்துமேரி.

"மருமவளே போடட்டும்," என்றார் சவரிமுத்து.

வாசலில் நின்ற ஜெசிந்தாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்பாவைப் பார்க்க வந்தவளை அண்ணன் உள்ளே விடவில்லை. அண்ணியாவது பரிந்து பேசுவாள் என்று காத்திருந்தாள்.

"நீங்களுமா அண்ணி?"

லூர்துமேரி திரும்பிப் பார்க்கவில்லை. மாமனார் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தாள். கீழே நிதானமாகத் தன் பெயரை எழுதினாள்.

"இன்னிக்குத்தான் உருப்படியா ஒரு காரியம் பண்ணியிருக்க. உங்கப்பா குடுத்த மனையத்தான் கோட்டை விட்டுட்டு வந்த," என்றான் மரியதாஸ். கல்யாணமான நாளிலிருந்து அவன் பாடும் பாட்டு இது.

நாத்தனார் வயிற்றில் அடித்தவள் என்று தெருவே அவளை வாயில் போட்டு மென்றது.

சவரிமுத்து கண்ணை மூடினார். காரியமெல்லாம் முடிந்ததும் ஜெசிந்தா வக்கீலிடம் போனாள். அவர் அண்ணனையும் வரச் சொன்னார். மரியதாஸ் உயிலோடும் மனைவியோடும் மிடுக்காக வந்து உட்கார்ந்தான்.

வக்கீல் படித்துவிட்டுக் கேட்டார். "லூர்துமேரி யாரு?"

"என் சம்சாரம் சார்."

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க கிறிஸ்தவங்க. உங்க சட்டப்படி, உயில்ல சாட்சி போட்டவங்களுக்கோ அவங்க புருஷன் பொண்டாட்டிக்கோ எழுதி வச்சது செல்லாது. அம்மாவும் இல்லேங்கறதால சொத்து உங்களுக்கும் தங்கச்சிக்கும் சரிபாதி."

மரியதாசுக்கு முகம் வெளிறிப்போனது. ஜெசிந்தா அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள்.

"தெரியாம போட்டுட்டா சார். இவளுக்கு என்ன சட்டம் தெரியும்?"

"இந்தச் சட்டம் தெரியும்," என்றாள் லூர்துமேரி. "எங்கப்பா எனக்கு எழுதின மனை எப்படிப் போச்சுன்னு ஒரு நாளாவது கேட்டீங்களா? அந்த உயில்ல நான்தான் சாட்சி."