அம்மணி வருவதற்குள்

"இன்னா டாக்டரே, வந்ததுலேர்ந்து ஃபைலையே பாத்துகினு கீற? எம்பொண்ணு ஃபைலுக்குள்ளயா கீது?"

டாக்டர் வெற்றிவேல் சட்டென்று ஃபைலை மூடினார். எதிர் நாற்காலியில் இடுப்பில் கை வைத்து உட்கார்ந்திருந்த ஓவியா சிரித்துவிட்டாள்.

"நிஜமாவே இப்படியா கேப்பாங்க?"

"இதுக்கு மேலயே கேப்பாங்க சார். பொழிச்சலூர்ல தண்ணி லாரியையே மறிச்சு நிறுத்தினவங்க அம்மணி."

அம்மணிக்கு விமான நிலையத்தில் துப்புரவு வேலை. ஷிப்ட் முடித்து நான்கு மணிக்கு இந்தக் குரோம்பேட்டை மருத்துவமனைக்கு வருவார். அவருடைய மகளின் உடம்பு இனி எந்த மருந்துக்கும் கேட்காது என்பதை வெற்றிவேல்தான் சொல்ல வேண்டும். இப்போது மணி மூன்றே முக்கால்.

குணமாக்க முடியாத குழந்தைகளை எப்படிக் கவனிப்பது, பெற்றோரிடம் எப்படிப் பேசுவது என்று போன வாரம் தாம்பரத்தில் டாக்டர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி நடந்தது. ஒருவர் டாக்டராகவும் இன்னொருவர் தாயாகவும் நடித்துப் பழக வேண்டும். வெற்றிவேல் மூன்று முறை நடித்தும் சொல்ல வந்ததைச் சொல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தார். "அந்த அம்மாவுக்கு முன்னாடி நீங்க அழுதுடுவீங்க போலிருக்கே, டாக்டர்" என்றார் பயிற்சி கொடுத்த ஜான்சி.

இன்று மறுபடி நடித்துப் பார்க்கலாம் என்பது ஓவியாவின் யோசனை.

"ஆரம்பிங்க சார்."

"உக்காருங்கம்மா. போன வாரம் எடுத்த ரத்த ரிப்போர்ட்ல கவுன்ட் என்ன ஆயிருக்குன்னா..."

"கவுன்ட்டெல்லாம் எனக்குப் புரியாது. பொயச்சிக்குமா?"

"பாக்கலாம்மா. கடவுள் மேல பாரத்தைப் போட்டு..."

"கடவுளாண்ட நானே கேட்டுக்கறேன். நீ சொல்லு."

வெற்றிவேல் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார்.

"இல்லம்மா. பொழைக்க மாட்டா. ஆனா வலி இல்லாம பாத்துக்கறோம். கடைசி வரைக்கும் நான் கூட இருப்பேன்."

ஓவியா இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"இது சரியா இருக்கு சார்," என்றாள். "ஆனா அடுத்ததா ஒண்ணு கேப்பாங்க பாருங்க."

மறுபடி அம்மணி ஆனாள். கை கூப்பினாள். "உன் கால்ல வியறேன் டாக்டரே. எம்பொண்ணாண்ட மட்டும் சொல்லிடாத. அது தாங்காது."

அவர் பார்த்த பெற்றோர் எல்லாரும் இதைக் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் தலையாட்டியிருக்கிறார். இப்போதும் ஆட்டினார். "சொல்லலைம்மா."

"ஃபெயில்!" என்றாள் ஓவியா. "நீங்க தலையாட்டிட்டா, அம்மா பொண்ணுக்காக நடிக்கணும், பொண்ணு அம்மாவுக்காக நடிக்கணும். இருக்கற நாளெல்லாம் அதுலயே போயிடும் சார்."

"வேற என்னதான் சொல்றது?"

"பயிற்சிக்குப் போனது நீங்களா, நானா?"

வெற்றிவேல் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அம்மா, அவளுக்குத் தெரியும். காலையில நேரா கேட்டா, என்னால பொய் சொல்ல முடியலை. இப்ப அவளுக்கு உங்களை நெனச்சுதான் கவலை."

"பாஸ்," என்றாள் ஓவியா.

வெளியே வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டது. ஓவியா மெல்ல எழுந்து, கையில் ஏறிக்கொண்டிருந்த சலைனின் குழாய் சிக்காமல் கட்டிலில் ஏறிப் படுத்து, போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள்.

"எங்கம்மாதான் சார். வெளியிலேயே சொல்லிடுங்க. அழுது முடிச்சதும் உள்ள கூட்டிட்டு வாங்க," என்றாள் அந்தப் பதின்மூன்று வயதுப் பெண். "இன்னிக்கு நான் தூங்கற மாதிரி நடிக்க மாட்டேன்."